பழைய பெரிய ஸ்மோக்கர் ஒன்று வாங்கியிருக்கிறேன், எங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்?

திருப்பரப்புக்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். நெடுமங்காடு பக்கம் ஒரு ரிசார்ட்டில் சும்மா கிடந்த இறைச்சி ஸ்மோக்கரை (விறகுப் புகையிலும் சூட்டிலும் கறியை மெதுவாக வேகவைக்கும் அடுப்பு) வாங்கி மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். உருளை இரண்டரை அடி விட்டம், ஏழடி நீளம், 6 மி.மீ. தகடு. ஒரு முனையில் இரண்டடிக்கு இரண்டடியாக ஃபயர்பாக்ஸ், அதாவது விறகு எரிக்கும் பெட்டி. மறுமுனையில் மேல்பக்கமாக 4 இஞ்ச் புகைபோக்கி, இரண்டடி உயரம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஃபயர்பாக்ஸின் அடித்தகடு அரித்துப்போய், ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது. கதவு ஒரு மூலையில் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கி நிற்கிறது. கதவு விளிம்பில் வெள்ளையாக ஒரு பழைய கயிறு ஒட்டியிருக்கிறது, அது நார் நாராகப் பிரிகிறது. உள்ளே மேல்பக்கம் கறுப்பாகத் தார் மாதிரி படிந்திருக்கிறது. கிரில் கம்பி வலை மட்டும் புதிதாகப் பளபளவென்று இருக்கிறது.

கல்யாண வீடுகளுக்கும் கோயில், சர்ச் திருவிழாக்களுக்கும் சமைத்துக் கொடுக்கிற சின்ன கேட்டரிங் எங்களுடையது. போத்திறைச்சி (எருமைக் கறி), பன்றி, கோழி மூன்றும் போட வேண்டும். முதலில் பெயின்ட்டை உரித்து அழகாக்கி, நல்ல மீட்டர் ஒன்று மாட்டலாம் என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை_மார்த்தாண்டம்:

தம்பி, பெயின்ட்டும் மீட்டரும் கடைசி வேலை. முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த உருளை இதற்கு முன்னால் என்னவாக இருந்தது? ஏழடி நீளத்தில் இரு முனையும் குமிழாக இருந்தால் அது ஏதோ ஒரு டேங்க். காற்று டேங்க், தண்ணீர் டேங்க் என்றால் சரி. கேஸ் டேங்க் என்றாலும் ஏற்கனவே வெட்டி அடுப்பாக்கி எரித்தது, பயமில்லை. பூச்சிமருந்தோ ஆசிடோ வைத்திருந்தது என்றால் அதில் சாப்பாட்டு வேலை வேண்டாம், எடைக்குப் போட்டுவிடலாம். பெயின்ட்டுக்கு அடியில் எங்காவது சின்னப் பித்தளைத் தகடு இருக்கும். அதைத் தேடிச் சுரண்டிப் பாருங்கள்.

இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எரிவாயு இருந்த டேங்கை வாங்கி நீங்களே வெட்டப் போகிறீர்கள் என்றால், வால்வைத் திறந்து நாள்கணக்கில் போட்டுவைத்தோம் என்பதெல்லாம் போதாது. உள்ளே விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பிறகுதான் கட்டிங் வீல் தொட வேண்டும். இந்த வேலையில் ஆள் உயிர் போயிருக்கிறது.

பொறியாளர்_நாகர்கோவில்:

அந்த வெள்ளைக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பாய்லர் கதவுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு போடுவது வழக்கம். பார்வைக்கு அதுவும் கண்ணாடி இழைக் கயிறும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது என்று தெரியாதவரை ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பிப் பிரஷ்ஷோ கிரைண்டரோ காய்ந்த கயிற்றின்மேல் படவே கூடாது. சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, நல்ல தரமான மாஸ்க் போட்டு, ஈரமாகவே சுரண்டி எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டுங்கள். துணி மாஸ்க் பயன்படாது. போட்டிருந்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

அதேபோல, பளபளக்கும் கம்பி வலை கால்வனைஸ் செய்ததாக, அதாவது துத்தநாகம் பூசியதாக இருக்கும். துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகும். இறைச்சி வேகும் சூடு அதற்கு ரொம்பக் கீழே என்று வாதம் பண்ணலாம். ஆனால் ஃபயர்பாக்ஸ் வாய்க்கு எதிரே தீ நாக்கு நேராகப் படும் இடம் அப்படி இல்லை. தவிர, எலுமிச்சை, வினிகர், உப்பு தடவிய கறி அதன்மேல் உட்கார்ந்தால் துத்தநாகம் கறியில் இறங்கும். கழற்றிக் கோழிக்கூண்டுக்குக் கொடுத்துவிட்டு, எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) கம்பியில் கிரில் கட்டுங்கள்.

கேட்டரிங்_தக்கலை:

நல்ல பொருள்தான் வாங்கியிருக்கிறீர்கள். 6 மி.மீ. தகடு என்றால் ஆயுசுக்கும் வரும். இப்போது ஆன்லைனில் விற்கிற மெல்லிய தகட்டு ஸ்மோக்கரில் ஒரு காற்றடித்தால் சூடு இறங்கிவிடும்.

பட்டறை_மார்த்தாண்டம்:

உண்மை. ஒரு சதுர மீட்டர் 6 மி.மீ. தகடு 47 கிலோ. தம்பி சொன்ன அளவுக்கு உருளையும் ஃபயர்பாக்ஸும் சேர்ந்து வெறும் தகடே கிட்டத்தட்ட 390 கிலோ வரும். அந்த இரும்பு முழுவதும் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. கதவைத் திறந்து மூடினாலும் சட்டென்று மீண்டுவிடும். அதனால்தான் மேல்துருவைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம் என்கிறேன். துரு பிரஷ்ஷுக்குப் போய்விடும். காற்றோட்டம் சரியில்லாத அடுப்பு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கறி கசக்கும்.

இப்போது புகைபோக்கியைப் பாருங்கள். உள்ளே தார் படிந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது அழுக்கு இல்லை, அந்த அடுப்பு மூச்சுத் திணறி எரிந்ததற்குச் சாட்சி. இவ்வளவு பெரிய உருளைக்கு 4 இஞ்ச் குழாய் போதவே போதாது. 4 இஞ்சிலிருந்து 6 இஞ்சுக்குப் போனால் வாயின் பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகிறது. உயரத்தையும் மூன்றடி ஆக்குங்கள். சூடான காற்று மேலே ஏறும்போதுதான் கீழே புதுக்காற்றை இழுக்கும். குழாய் குறுகலாகவும் குட்டையாகவும் இருந்தால் இழுப்பு இல்லை, விறகு எரியாமல் புழுங்கும், வெள்ளைப் புகை திரண்டு நிற்கும். அந்தப் புகையில் இருக்கும் தார்தான் குளிர்ந்த தகட்டிலும் கறியிலும் போய் ஒட்டுகிறது.

நம் ஊர்க்காரர்கள் இங்கே தடுமாறுவதற்குக் காரணம் ரப்பர். ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அங்கே 40 முதல் 60 டிகிரி சூடுதான், நாள்கணக்கில் கனத்த புகை நிற்க வேண்டும், அதுதான் ஷீட்டுக்குப் பூசணம் வராமல் காக்கும். இறைச்சி ஸ்மோக்கரில் நேர் எதிர். புகை நிற்கக் கூடாது, கறியைத் தொட்டுக்கொண்டே ஓட வேண்டும். புகைபோக்கி மேலே பார்த்தால் லேசான நீலமாக, சில நேரம் கண்ணுக்கே தெரியாமல், காற்று நெளிவது மட்டும் தெரிய வேண்டும். "புகையே வரவில்லையே" என்று வீட்டுக்காரர்கள் கேட்டால் அடுப்பு ஒழுங்காக எரிகிறது என்று அர்த்தம்.

குமுளிமேடு:

அண்ணாச்சி சொல்வது சரி. கூடவே ஒரு யோசனை. இவ்வளவு வேலை செய்யப் போகிறார் என்றால் ரிவர்ஸ் ஃப்ளோவாக மாற்றிவிடலாமே? கிரில்லுக்கு அடியில் நீளமாக ஒரு தகடு போட்டு, சூட்டை மறுமுனை வரை கொண்டுபோய்த் திருப்பி, புகைபோக்கியை ஃபயர்பாக்ஸ் பக்கமாக வைப்பது. இரண்டு முனைக்கும் சூடு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஹோம்ஸ்டேக்குக் கோழி போட அருமையாக இருக்கிறது.

பட்டறை_மார்த்தாண்டம்:

உங்கள் அடுப்பு சிறியது என்று நினைக்கிறேன். இதில் அந்தத் தகடு மட்டும் இரண்டடிக்கு ஆறடி, 50 கிலோவுக்கு மேல் போகும். கொழுப்பு முழுவதும் அதன்மேல் விழுந்து காயும், உருளைக்குள் குனிந்து அதைச் சுரண்ட வேண்டும். பன்றி போடுகிற கேட்டரிங்காரருக்கு அது வாராவாரம் தலைவலி. தகடு சூட்டில் வளைந்தால் எண்ணெய் ஓடையும் தப்பும். அதோடு காற்றுக்குப் பாதை இரட்டிப்பு நீளம், இழுப்பு குறையும்.

நான் சொல்வது இதுதான். ஃபயர்பாக்ஸ் வாயிலிருந்து ஒன்றரை அடிக்கு, சரிவாக ஒரே ஒரு தடுப்புத் தகடு. அதற்கப்புறம் அரை அடி அகலத்தில் துண்டுத் தகடுகள், வெல்டிங் இல்லாமல் சும்மா ஆங்கிள்மேல் (எல் வடிவ இரும்புச் சட்டம்) கிடக்கட்டும். எங்கே சூடு அதிகமோ அங்கே நெருக்கிவைக்க வேண்டும், குறைவான இடத்தில் இடைவெளி விட வேண்டும். கழுவக் கையால் எடுக்கலாம்.

குமுளிமேடு:

சுத்தம் பண்ணுவது கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருவிழா நாளில் நாற்பது கோழியை இடம் மாற்றி மாற்றி வைக்க ஆள் வேண்டுமே. எனக்கு ரிவர்ஸ் ஃப்ளோதான்.

திருப்பரப்புக்காரர்:

பித்தளைத் தகடு கிடைத்துவிட்டது அண்ணே! ஃபயர்பாக்ஸுக்கு எதிர்முனையில், மூன்று அடுக்குப் பெயின்ட்டுக்கு அடியில், நான்கு ரிவிட் அடித்து இருக்கிறது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது ஆங்கிலத்தில் ஏர் ரிசீவர் என்ற எழுத்தும் அழுத்தம் 7 கிலோ என்பதும் வந்தன. ஏதோ கம்ப்ரசரின் காற்று டேங்க்.

கயிற்றை ஈரப்படுத்தி எடுத்துப் பையில் கட்டிவிட்டேன். பொறியாளர் சாருக்கு நன்றி. அடுத்து ஃபயர்பாக்ஸ். அடித்தகட்டை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டால் போதுமா?

பட்டறை_மார்த்தாண்டம்:

நல்ல செய்தி. காற்று டேங்க் என்றால் கம்ப்ரசர் ஆயில் பிசுக்கு மட்டும்தான் இருந்திருக்கும், அது எப்போதோ எரிந்து போயிருக்கும். ஆனாலும் வேலை முடிந்ததும் வெறும் அடுப்பாக ஒருமுறை பலமாக எரித்துவிடுங்கள்.

ஃபயர்பாக்ஸில் ஒட்டு வேண்டாம். எப்படியும் அடித்தகடு போயே போய்விட்டது, அதனால் இந்த வாய்ப்பைப் பயன்படுத்துங்கள். ஸ்மோக்கர் கட்டுகிறவர்கள் பொதுவாக வைக்கிற கணக்கு, ஃபயர்பாக்ஸ் உருளையின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் உருளை 34 கன அடி. ஃபயர்பாக்ஸ் இப்போது 8 கன அடிதான். முன்பக்கத்தை ஓரடி நீட்டினால் இரண்டுக்கு இரண்டுக்கு மூன்று, 12 கன அடி. கணக்கு நேராகிவிடும். அடித்தகடு 10 மி.மீ. போடுங்கள். அந்த ஓரடி நீட்டம் வெறும் அளவுக்காக மட்டும் இல்லை. தீயைக் கதவுப் பக்கம் வைத்துக்கொள்ளலாம், தீ நாக்கு உருளைக்குள் எட்டாது, முதல் கிரில் கருகாது.

ஃபயர்பாக்ஸிலிருந்து உருளைக்குப் போகும் வாய் எவ்வளவு? ஓரடிக்கு ஒன்றரை அடியாவது இருக்க வேண்டும். குறைந்தால் வெட்டி அகலமாக்குங்கள். காற்று நுழைய முன்கதவில் 6 இஞ்ச் வட்டமாக இரண்டு துளை, சுழலும் மூடியோடு.

விறகு தரையில் கிடந்து எரியக் கூடாது. தரையிலிருந்து ஐந்து ஆறு இஞ்ச் உயரத்தில் கனமான ஆங்கிளைக் கவிழ்த்துவைத்து ஜன்னல் கம்பி அழிபோல ஒரு தட்டு கட்டுங்கள். கட்டடக் கம்பி போட்டால் சூட்டில் தொய்ந்து வாழைநார் மாதிரி தொங்கும். அடியில் காற்று போனால்தான் கங்கு சாம்பலில் மூடாமல் உயிரோடு இருக்கும்.

ஈரச் சாம்பல்தான் இரும்புக்கு எமன். உங்கள் அடித்தகடு அரித்ததும் அதனால்தான் இருக்கும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. ஒவ்வொரு சமையலுக்கும் மறுநாள் சாம்பலை வாரிவிடுங்கள், நாள் தள்ள வேண்டாம்.

செங்கோட்டைவாசி:

ஃபயர்பாக்ஸை இரட்டைச் சுவராகக் கட்டி நடுவில் சூடு தாங்கும் செராமிக் கம்பளி வைத்தால் விறகு மிச்சமாகும் என்று படித்தேன். செய்யலாமா?

பொறியாளர்_நாகர்கோவில்:

செய்யலாம், பலன் உண்டு. வெளியே போகிற சூடு குறைவதால் சின்னத் தீயே போதும். மழைநாளில் ரொம்ப உதவும். ஒரே நிபந்தனை, கம்பளி எங்கேயும் வெளியே தெரியக் கூடாது. முழுக்கத் தகட்டால் மூடி வெல்டிங் வைத்திருக்க வேண்டும். அந்த இழை காற்றோடு கறிக்குப் போகக் கூடாது, உங்கள் நுரையீரலுக்கும் கூடாது. செலவு வேண்டாம் என்றால் உள்ளே இரண்டு பக்கமும் ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) நிறுத்திவைத்தாலும் ஓரளவு நடக்கும். அதற்கு இடம் வேண்டும் என்பதற்காகவும் அண்ணாச்சி சொன்ன நீட்டம் நல்லது.

திருப்பரப்புக்காரர்:

வெல்டிங் முடிந்தது. கதவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். கீலைக் கழற்றி, கதவைத் தரையில் கவிழ்த்து, நடுவில் ஜாக்கி கொடுத்து, இரண்டு விளிம்பையும் சங்கிலியால் பிடித்து மெதுவாக வளைத்தோம். மூலை இறங்கிவிட்டது. அதற்குமேல் இருந்த சின்ன இடைவெளிக்கு விளிம்பைச் சுற்றி ஒரு இஞ்ச் இரும்புப் பட்டை வெல்டிங் வைத்தோம். கயிறே தேவைப்படவில்லை. உள்ளே டார்ச் வைத்து இரவில் வெளியிலிருந்து பார்த்தோம். கீல் பக்கம் ஒரு நூல் வெளிச்சம் தவிர எங்கும் கசிவு இல்லை.

இனி உள்ளே எண்ணெய் தடவிக் காய்ச்ச வேண்டும். வீட்டில் தேங்காய் எண்ணெய் டின் கணக்கில் இருக்கிறது. அதையே தடவிவிடலாம்தானே?

அம்மச்சிசமையல்:

வேண்டாம் தம்பி. தேங்காய் எண்ணெய் சமையலுக்கு ராஜா, ஆனால் இரும்பில் தோலாகப் பிடிக்காது. இரும்புச் சட்டி பழக்குகிறவர்களுக்கு இது தெரியும். எண்ணெய் சூட்டில் காற்றோடு சேர்ந்து இறுகிப் பிசின்போல ஆக வேண்டும். அதற்கு அயோடின் மதிப்பு (எண்ணெய் எவ்வளவு எளிதில் இறுகும் என்பதைக் காட்டும் எண்) அதிகமுள்ள எண்ணெய் வேண்டும். தேங்காய்க்கு அது 10-ஐ ஒட்டித்தான். நல்லெண்ணெய் 100-க்கு மேல், சூரியகாந்தி 120, 130 என்று வரும், ஆளி விதை 170-க்கும் மேல். தேங்காய் எண்ணெய் பூசினால் பிசுபிசுவென்று நின்று சிக்கு வாடை அடிக்கும். சூரியகாந்தி போதும், மலிவும்கூட. துணியால் தொட்டு, பூசியதே தெரியாத அளவுக்கு மெல்லிசாகத் துடைத்துவிட்டு எரிக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தால் கறுப்பு மினுமினுப்பு வரும்.

ஹார்டுவேர் கடையில் பெயின்ட்டுக்கு விற்கிற காய்ச்சிய ஆளி எண்ணெயை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது சீக்கிரம் உலர்வதற்கு உலோக உப்பு கலந்திருப்பார்கள். சாப்பாடு வேகும் இடத்துக்கு ஆகாது.

பட்டறை_மார்த்தாண்டம்:

அக்கா சொன்னதுதான். உள்ளே எந்தப் பெயின்ட்டும் கூடாது. வெளியே உருளைக்கு 600 டிகிரி தாங்கும் அலுமினியம் பெயின்ட் அடிக்கலாம். ஃபயர்பாக்ஸில் எந்தப் பெயின்ட்டும் நிலைப்பதில்லை. அதற்கும் வெளிப்பக்கம் எண்ணெய்தான், சூடாக இருக்கும்போதே துணியால் ஒரு தடவு.

கேட்டரிங்_தக்கலை:

விறகைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பக்கம் ரப்பர் விறகுதான் மலிவாகக் கிடைக்கும். போடலாமா?

பட்டறை_மார்த்தாண்டம்:

மரச்சாமான் பட்டறையிலிருந்து வருகிற ரப்பர் துண்டு வேண்டவே வேண்டாம். ரப்பர் மரத்துக்குப் பூசணமும் துளைக்கும் வண்டும் சீக்கிரம் வரும், அதனால் அறுத்த கையோடு போரான் மருந்தில் ஊறவைப்பார்கள். மருந்து படாத வெட்டுமரமாக இருந்தாலும் நான் அதைப் பாயசம் வைக்கிற அடுப்புக்குத்தான் எரிப்பேன்.

என் கணக்குக்குக் கொய்யாவும் பலாவும் முதல் தரம். மாவும் சரி. கங்குக்குப் புளி. ஆரம்பத்தில் அடுப்பைச் சூடாக்கச் சிரட்டைக் கரி, வேகமாகச் சூடு ஏறும். பச்சைத் தேங்காய் மட்டை, தொண்டு (தேங்காயின் நார் உறை) எல்லாம் தார்ப் புகை, கிட்டேயே கொண்டுவரக் கூடாது. முந்திரிக்கொட்டைத் தோடு நம் பக்கம் ஆலைகளில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதன் எண்ணெய் தோலைப் பொத்துப்போக வைக்கும், அந்தப் புகை கறிக்கும் ஆகாது, மூச்சுக்கும் ஆகாது. வேலியோரம் வெட்டிய விறகு வாங்கினால் அதில் அரளி கலந்திருக்கிறதா என்று ஒவ்வொரு குச்சியாகப் பாருங்கள். அரளி விஷம்.

விறகு கை மொத்தத்துக்கு, ஓரடி நீளத்துக்குப் பிளந்து, கூரைக்கடியில் ஆறு மாதமாவது காய வேண்டும். ஈரம் நூற்றுக்கு 15 முதல் 20 வரை இருந்தால் நன்றாக எரியும். இரண்டு துண்டை எடுத்துத் தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். அடுத்துப் போடப்போகும் துண்டை ஃபயர்பாக்ஸ்மேல் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள், உள்ளே போட்டவுடன் தீப் பிடிக்கும், புகைந்துகொண்டு நிற்காது.

குமுளிமேடு:

எங்கள் பக்கம் எஸ்டேட் தைல மரம் தாராளமாகக் கிடைக்கிறது. அது?

அம்மச்சிசமையல்:

யூகலிப்டஸா? கறியில் தலைவலித் தைல வாடை வரும். தேயிலை ஆலை பாய்லருக்கு நல்ல விறகு, அத்தோடு விட்டுவிடுங்கள்.

திருப்பரப்புக்காரர்:

நேற்று பிரட் வைத்துச் சோதித்தோம். குமுளி அண்ணன் தனிமடலில் சொன்ன வழி. அடுப்பை 150 டிகிரிக்குக் கொண்டுவந்து, கிரில் முழுவதும் இரண்டு வரிசையாகச் சாதா பிரட் துண்டுகளை அடுக்கி மூடிவிட்டோம். திறந்து பார்த்தால் ஃபயர்பாக்ஸ் பக்கம் முதல் இரண்டு துண்டு கரி. அடுத்தது ஒரு பக்கம் மட்டும் கறுப்பு. நடுவில் எல்லாம் பொன்னிறம். புகைபோக்கி முனையில் கடைசித் துண்டு தொட்டால் மொறுமொறுப்பு, நிறம் மட்டும் வெள்ளை. முன் வரிசையை விடப் பின்சுவர் வரிசை கொஞ்சம் சிவந்திருந்தது. சூடு பின்பக்கமாக ஏறுகிறது என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

தடுப்புத் தகட்டை இன்னும் கொஞ்சம் நீட்டி, துண்டுத் தகடுகளைப் பின்பக்கம் நெருக்கிவைத்து மறுபடியும் செய்தோம். இப்போது முதல் ஓரடி மட்டும்தான் கூடுதல் சூடு. அதைத் தண்ணீர்த் தட்டுக்கு ஒதுக்கிவிட்டேன். புகைபோக்கியை 6 இஞ்ச் ஆக்கியதில் வந்த மாற்றம் நம்ப முடியவில்லை. ஃபயர்பாக்ஸ் கதவைத் திறந்தால் புகை முகத்துக்கு வருவதே இல்லை, உள்ளே இழுக்கிறது.

ஆனால் கதவில் இருக்கிற பழைய மீட்டர் 150 காட்டும்போது, கிரில் மட்டத்தில் வைத்த மீட்டர் 130-க்குக் கீழேதான் காட்டுகிறது. எதை நம்புவது?

பொறியாளர்_நாகர்கோவில்:

கிரில் மட்டத்தை. சூடு மேலே போய் நிற்கும், கதவு மீட்டர் அதைத்தான் சொல்கிறது. கறி இருக்கும் இடம் வேறு. இரண்டையும் கொதிக்கிற தண்ணீரில் வைத்து ஒருமுறை பாருங்கள், எவ்வளவு தவறு என்று தெரிந்துவிடும். உங்கள் ஊரில் 100-ஐ ஒட்டி வர வேண்டும். குமுளிக்காரர் கவனத்துக்கு, நீங்கள் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள், 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். உங்கள் பானையில் தண்ணீர் 97-லேயே கொதிக்கும், மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முழு உருளைக்கும் ஒரு மீட்டரும், கறிக்குள் குத்தும் மீட்டர் இரண்டும் இருந்தால் போதும். கோழி உள்ளே 74 டிகிரி எட்டினால் பத்திரம். பன்றித் தோள் 90-ஐத் தாண்டினால்தான் சவ்வு கரைந்து பிரியும்.

திருப்பரப்புக்காரர்:

முதல் பெரிய சமையல் முடிந்தது. பன்றித் தோள், போத்தின் நெஞ்சுக்கறி, கோழி. பன்றி 115 டிகிரியில் காலையில் ஏறி மாலையில் எலும்பை இழுத்தால் கையோடு வந்தது. வெளியே அடர்சிவப்பில் பொருக்கு, வெட்டினால் ஓரத்தில் ரோஸ் வளையம், கசப்பு துளியும் இல்லை. மதியம் ஒரு நேரத்தில் உள்சூடு 68-லேயே நகராமல் நின்றது. தீயைக் கூட்டவில்லை, விட்டுவிட்டோம், தானே ஏறியது.

போத்துதான் வறண்டுபோனது. சுவை நன்றாக இருந்தது, ஆனால் நார் நாராக.

அம்மச்சிசமையல்:

அமெரிக்காவில் டெக்சாஸ்காரர்கள் போடுகிற நெஞ்சுக்கறி கொழுப்பு ஊடோடிய தீனி மாடு. நம் கடைகளில் வருவது பெரும்பாலும் எருமை, கொழுப்பு குறைவு. அதே முறையை அப்படியே செய்தால் வறளத்தான் செய்யும். அந்த 68-இல் நின்றது என்றீர்களே, கறியின் மேலே வியர்வை ஆவியாகிக் குளிர்விப்பதால் அப்படி நிற்கும். போத்துக்கு அந்த நேரத்தில் வெளியே எடுத்து, தீயில் வாட்டிய வாழையிலையில் இரண்டு சுற்றுச் சுற்றி, வாழைநாரால் கட்டித் திரும்ப வையுங்கள். மீன் பொள்ளிக்கிறதுக்கு இலை வாட்டுவோமே, அதே பதம். கட்டும்போது உள்ளே ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விடலாம். ஈரம் உள்ளேயே நிற்கும், புகை வாசனை அதற்குள் ஏறி முடிந்திருக்கும். இலையோடு பந்தியில் பிரித்தால் வாசனையும் தனி.

செங்கோட்டைவாசி:

இதே அடுப்பில் உப்புக்கண்டம் தொங்கவிடலாமா? எங்கள் ஆச்சி அடுப்புக்கு மேலே பரணில் கட்டிவைப்பார்.

அம்மச்சிசமையல்:

அது வேறு கலை. ஆச்சி முதலில் நிறைய உப்பும் மஞ்சளும் போட்டு, வெயிலில் முறுக வைத்து, ஈரம் போன பிறகுதான் பரணில் கட்டியிருப்பார். புகை அதற்குக் காவல் மட்டும்தான். பச்சைக் கறியை உப்பில்லாமல் இளஞ்சூட்டில் மணிக்கணக்காகத் தொங்கவிட்டால் 5-க்கும் 60-க்கும் நடுவே கிருமி வளரும். இந்தப் பெரிய அடுப்பைச் சூடாகச் சமைக்க மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்டத்துக்கு வெயில் காலத்தில் தனி இழை போடுகிறேன்.

திருப்பரப்புக்காரர்:

வாழையிலை யோசனைக்கு நன்றி அக்கா, அடுத்த சனிக்கிழமை கல்யாண வீட்டுக்கு அப்படியே செய்யப்போகிறேன். கடைசியாக ஒன்று. பன்றி போட்டபோது கொழுப்பு உருளைக்கு அடியில் குளம் கட்டிவிட்டது. தீப் பிடித்துவிடுமோ என்று கொஞ்சம் பயமாக இருந்தது. துளை போட்டால் காற்று கசியாதா?

பட்டறை_மார்த்தாண்டம்:

கசியாது. புகைபோக்கி முனையில், உருளையின் அடியில், ஒன்றரை இஞ்ச் நிபிள் (சின்னக் குழாய்த் துண்டு) வெல்டிங் வைத்து ஒரு பந்து வால்வு (ball valve) மாட்டுங்கள். ஃபயர்பாக்ஸ் பக்கக் கால்களுக்கு அடியில் ஒரு இஞ்ச் தகடு கொடுத்துத் தூக்கிவிட்டால் கொழுப்பு தானாகத் தீயை விட்டு விலகி அந்தப் பக்கம் ஓடும். மணிக்கொரு தடவை வால்வைத் திறந்து வாளியில் பிடித்துக்கொள்ளுங்கள். வால்வுக்குள் ரப்பர் சீட் இருந்தால் சூட்டுக்கு நிற்காது, டெஃப்லான் சீட் கேட்டு வாங்குங்கள்.

மீறித் தீப் பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, கதவையும் திறக்கக் கூடாது. முன்காற்று மூடி, புகைபோக்கி மூடி இரண்டையும் அடைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், காற்றில்லாமல் அணைந்துவிடும். புகைபோக்கிக்கு மேலே மழைக்குத் தலைமூடி வைத்தீர்களா? படத்தில் தெரியவில்லை. இல்லை என்றால் மழை நேராக உள்ளே இறங்கும், சனிக்கிழமைக்கு முன்னால் பட்டறைக்கு வாருங்கள், 6 இஞ்சுக்குக் கூம்புத் தொப்பி ஒன்று வெட்டிவைக்கிறேன்.